சிவப்பு முத்திரை குத்திய தாள்கள்

என் ஸ்டோர் ரூமில் யாராவது வந்து இடம் பிடுங்கிக்கொள்வது எனக்குப் பழகிப்போன விஷயம்தான். முதலில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. பிறகு யு.பி.எஸ். பேட்டரிகள் வந்தன. மூன்றாவதாக வந்தவள் குல்ஷன். மெஷினும் பேட்டரியும் வாய் திறக்காது. இவளோ வந்த முதல் நாளே, "அண்ணா, இந்த பைப்பெல்லாம் எதுக்குங்க இங்க கெடக்குது? லேபிள் எங்க?" என்று கேட்டாள். பல வருஷமாக அந்த பைப்புகள் லேபிள் இல்லாமல்தான் கிடந்தன. அவற்றுக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை, எனக்கும் இல்லை.

நாங்கள் வேலை பார்ப்பது சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் ஒரு சின்ன நீர் ஆய்வு மையத்தில். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று மாதாமாதம் அளந்து எழுதி வைப்பதுதான் மையத்தின் வேலை. ஆரம்ப வருஷங்களில் அளந்தவன் நான். திம்மராயன் என்றால் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இன்றும் தெரியும். டி.வி.எஸ். வண்டியில் அளவு டேப்பைக் கட்டிக்கொண்டு போவேன். கிணற்றின் கைப்பிடிச்சுவர் மேல் குனிந்து டேப்பை இறக்குவேன். தண்ணீர் தொட்ட அளவை அங்கேயே தாளில் எழுதுவேன். முட்டி தேய்ந்துபோன பிறகு என்னை ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டு வேறு ஆட்களை அனுப்பினார்கள்.

இப்போது அளப்பதற்குக் கிணறுகளே பாதிக்கு மேல் இல்லை. கம்பெனிகள் வந்தன, குடோன்கள் வந்தன, பிளாட் போட்டார்கள். கிணறுகளை மண் கொட்டி மூடிவிட்டார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நிலத்தை விற்றவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் கிணறு போன இடத்தில் மறுபடி அளக்க முடியாது. அன்றைக்கு எழுதிய எண் மட்டும்தான் மிச்சம்.

அந்த எண்கள் மேல் எங்கள் மாதேஸ்வரி மேடத்துக்கு உயிர். மையத்துக்குத் தலைவர் அவர்தான். வருகிற வருஷம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் எல்லா அளவுகளையும் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, பெங்களூரில் உள்ள ஓர் ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். ஐம்பது வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் திறந்து பார்த்தாலும், இது எந்தக் கிணறு, யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று புரிய வேண்டுமாம். "நம்மளோட இது செத்துப்போகக் கூடாது திம்மராயன்" என்பார்.

அந்த வேலைக்காகத்தான் குல்ஷனை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தார். வேலை நன்றாக முடிந்தால் மார்ச் மாதம் டிரஸ்ட் கமிட்டியில் சொல்லி நிரந்தரமாக்குவதாகவும் பேச்சு.

குல்ஷன் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்தாள். வீட்டுக்காரர் இலியாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் நபீலா நர்சிங் படிக்கிறாள். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் 'டாகுமெண்ட் கண்ட்ரோல்' என்ற பிரிவில் குல்ஷன் பல வருஷம் இருந்தாள். அந்தப் பிரிவையே கம்பெனி வேறு ஊருக்கு மாற்றிவிட்டதால் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்தது. நிரந்தரம் என்ற வார்த்தையை அவள் வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இலியாஸ் அவளை இறக்கிவிட வரும்போதெல்லாம், "அண்ணா, கமிட்டி எப்பிடி, நல்ல ஆளுங்களா?" என்று என்னிடம் விசாரிப்பார். நான் என்ன கண்டேன்? நல்லவர்கள் என்றே சொல்லி வைப்பேன்.

டாகுமெண்ட் கண்ட்ரோல் என்றால் என்ன என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். டிபன் பாக்ஸ் மூடியை மேஜையில் வைத்து அதையே பாடமாக்கிவிட்டாள்.

"இது ஒரு பார்ட்டுன்னு வெச்சிக்கங்கண்ணா. இதுக்கு ஒரு டிராயிங் இருக்கும். ஓட்டையோட அளவை மாத்துனா டிராயிங்கையும் மாத்தணும். அது புது ரிவிஷன். புதுசு வந்த அன்னைக்கே எல்லா மெஷின்கிட்டயும் இருக்கிற பழசைத் திருப்பி வாங்கிடணும். 'ரத்து'ன்னு செவப்பு சீல் குத்தி, கிழிச்சிப் போட்டுடணும். ஒரு காப்பிகூட வெளிய இருக்கக் கூடாது."

"இருந்தா என்னம்மா? பேப்பர்தானே."

அவள் மூடியை எடுத்து பாக்ஸை மூடினாள். "பிரதாப்புன்னு ஒரு பையன் இருந்தானுங்க. தேனிப் பக்கம். அவன் மெஷின் பின்னாடி பழைய டிராயிங் ஒண்ணு ஒட்டியே இருந்துச்சு. எங்க செக்‌ஷன்ல யாரும் அதைப் போய் எடுக்கல. அவன் அதைப் பாத்தே ஓட்டை போட்டுட்டான். மொத்த லோடும் ரிஜெக்ட் ஆயி வந்துச்சு. ரிப்போர்ட்டுல 'ஆபரேட்டர் தவறு'ன்னு ரெண்டே வார்த்தை. பையனை அனுப்பிட்டாங்க. அந்த ரிப்போர்ட்டை டைப் பண்ணது நான்தான்."

அதற்கப்புறம் பழைய காகிதத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எங்கே கண்டாலும் எடுத்து ஒழித்துவிடத் துடிப்பாள். என் மேஜையில் இருந்த போன வருஷத்துக் காலண்டரைக்கூட விடவில்லை. அதில் முருகன் படம் இருக்கிறதே என்றேன். படத்தை மட்டும் அழகாக வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோனாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் படத்தை அவ்வளவு நேராக என்னால் வெட்டியிருக்க முடியாது.

வேலையில் அவள் புலி. அலமாரிகளில் குப்பையாகக் கிடந்ததற்கெல்லாம் எண் கொடுத்தாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி ஃபைல் போட்டு, இடத்தின் வரைபடம், அளந்தவர், தயாரித்தவர், சரிபார்த்தவர் எல்லாம் எழுதினாள். முன்பு இங்கே படித்த ஒரு ஆராய்ச்சி மாணவர் என் தாள்களில் இருந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கைப்பிடிச்சுவரின் உயரத்தைக் கழித்து, பிசகாகத் தெரிந்தவற்றை நீக்கிச் சுத்தமான ஃபைல் ஒன்று செய்து வைத்திருந்தார். குல்ஷன் அதை வைத்துக்கொண்டு வரிசையாகச் சரிபார்த்தாள். மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு நான் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது ஸ்டோரில் பெருக்கித் துடைத்த தரை தெரிந்தது. அளவுத் தாள் மூட்டைகளில் ஒரு பகுதியைக் காணோம். ஸ்கேன் எடுக்க மாடிக்கு ஏற்றிவிட்டாள்போல என்று நினைத்து, "பரவால்லம்மா, எனக்கும் கால் நீட்ட எடம் வந்துருச்சு" என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கமிட்டி அப்போது தள்ளிப்போயிருந்தது. ஆடிட்டருக்கு உடம்பு சரியில்லையாம், சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

சில நாள் கழித்துக் காப்பகத்திலிருந்து மேடத்துக்கு மெயில் வந்தது. ஃபைல்கள் நன்றாக இருக்கின்றன, ஒரே ஒரு சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். பேரிகை ரோட்டில் வெங்கடப்பா தோட்டத்துக் கிணற்றுக்குத் தொடர்ந்து சில கோடைகளில் அளவே இல்லை. அளக்கவில்லையா, அளந்து பிறகு நீக்கினீர்களா? மூலத் தாள்களையும் படமெடுத்துச் சேருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மேடம் மெயிலைக் கையில் பிடித்தபடி ஸ்டோருக்கே வந்துவிட்டார். "குல்ஷன், அந்த ஒரிஜினல் ஷீட்டெல்லாம் எடுங்க. பேரிகை ரோட்டுக் கெணறு."

குல்ஷன் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். "அது டிஸ்போஸ் பண்ணியாச்சுங்க மேடம். முதல் ஒம்பது வருஷம் முடிஞ்சிது. சீல் குத்தி, கிழிச்சி, எடைக்குப் போட்டாச்சு. பழைய ரிவிஷன் ஒண்ணுகூட வெளிய இல்ல. மீதிக்கும் சீல் குத்தி வெச்சிட்டேன், இந்த வாரம் கிழிச்சிடுவேன்."

மேடம் அப்படியே என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மெதுவாகச் சொன்னார். "ஃபேக்டரியில டிராயிங் மாறிட்டா பழசு தப்பும்மா. இங்க அப்பிடி இல்ல. அன்னைக்கு நடந்தது பழசுலதான் இருக்கு. புதுசு நாம போட்ட கணக்கு. கணக்கைத் திருப்பிப் போடலாம், நடந்ததை எங்க போயி எடுக்கறது?"

ஒன்பது வருஷம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது முழுக்க நான் அளந்த ஒன்பது வருஷம். மழையில் நனைந்த தாள்கள், பீடிக் கங்கு பட்டு ஓட்டை விழுந்த தாள்கள், ஓரத்தில் 'மோட்டார் ஓடுது', 'நாய் விடல, மறுநாள் வந்தேன்' என்று நான் கிறுக்கி வைத்தவை. அந்த மாணவர் கழித்த எண்களும் நீக்கிய எண்களும் அந்தத் தாள்களைத் தவிர வேறெங்கும் இல்லை. அவளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் மீதி மூட்டைகளைச் சுவரோரம் நகர்த்தி வைப்பதைப் பார்த்துவிட்டு, "வாம்மா, கடைக்குப் போயிப் பாக்கலாம்" என்றேன்.

இலியாஸ் ஆட்டோவைக் கொண்டுவந்தார். மத்திகிரி போகிற வழியில் லால் பாஷாவின் பழைய பேப்பர் கடை. வாசல் வரைக்கும் நோட்டுப் புத்தகங்களும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. குல்ஷன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே லால் பாஷா தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார்.

"கிழிஞ்ச பேப்பரை நாங்க தங்க வெக்கிறதில்லம்மா. பொட்டலத்துக்கும் ஆவாது. அதுக்கோசரம் நேரா மில்லுக்கு ஏத்திடுவோம். அந்த லாரி போயிடுச்சே."

"மில்லுல கேட்டா?"

"இந்நேரம் கூழாயிருக்கும்மா. பொய் சொல்ல எனக்கு மனசு வரல."

அப்படியும் அவர் மனம் கேட்காமல், மூலையில் இருந்த மூட்டைகளை எங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, கம்பெனி பில். எங்களுடையது ஒன்றும் இல்லை. குல்ஷன் ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லால் பாஷா டீ வாங்கி வரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. நான் மட்டும் குடித்தேன். ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது.

மறுநாளிலிருந்து அவள் மீதி மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு தாளாக ஸ்கேன் எடுத்தாள். எல்லாவற்றிலும் நட்டநடுவே சிவப்பு முத்திரை. அந்த மையை அழிக்க முடியவில்லை. எந்த எண்ணும் அதில் மறையவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பாள். அந்த முத்திரைக் கட்டையை என்னிடம் கொடுத்து, "இதை உள்ள வெச்சிப் பூட்டிடுங்கண்ணா, நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க" என்றாள். நான் பினாயில் டப்பாவுக்குப் பின்னால் போட்டுப் பூட்டினேன்.

வெங்கடப்பா கிணற்றைப் பற்றி என்னிடம் மேடம் கேட்டார். அந்தக் கோடைகளில் தக்காளியைக் காப்பாற்ற வெங்கடப்பா மோட்டாரை நிறுத்தவே இல்லை. நான் போகும்போதெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதையும் அளந்தேன், ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். பிசகு என்று நினைத்துத்தான் மாணவர் நீக்கியிருப்பார். "எத்தனை அடின்னு ஞாபகம் இருக்கா?" என்று மேடம் கேட்டார். இல்லை. மோட்டார் சத்தம் ஞாபகம் இருக்கிறது, வெங்கடப்பா பெண்டாட்டி கொடுத்த மோர் ஞாபகம் இருக்கிறது, அளவு ஞாபகமில்லை. குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் காப்பகத்துக்குப் பதில் எழுத வேண்டிய நாள் வந்தது. கமிட்டியும் அதே வாரம். தரவோடு சேர்கிற விளக்கக் குறிப்பைக் கமிட்டிக்காரர்களும் படிப்பார்கள். மேடம் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார்.

"குல்ஷன், நான் சொல்றதைக் கேளுங்க. 'முதல் ஒன்பது வருடத்து மூலத் தாள்கள் கிடைக்கவில்லை'ன்னு ஒரு வரி போடுங்க. பொய் கிடையாது, கிடைக்கலதானே. இதுல என் தப்பும் இருக்கு. எதை வெக்கணும்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். அதுக்காக உங்க வேலை போறதை நான் பாத்துட்டு இருக்க முடியாது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எழுதிவிட்டு வாம்மா, வேலையைப் பார்ப்போம் என்று சொல்ல நினைத்தேன்.

குல்ஷன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மேடம், 'கிடைக்கல'ன்னு போட்டா படிக்கிறவங்க யாரை சந்தேகப்படுவாங்க? என்னையா? என்னை யாருக்குத் தெரியும்? அளந்தவரைத்தான் நெனப்பாங்க. கெணத்துக்கே போகாம மரத்தடியில உக்காந்து எழுதிட்டாரு, அதான் ஷீட்டைக் காட்டலன்னு சொல்லுவாங்க. அண்ணன் மேல வரும் மேடம்."

குல்ஷன் இப்போது நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

"பிரதாப்புக்கு ரெண்டு வார்த்தை போட்டு முடிச்சிட்டோம். அது யாரோ சொல்லி நான் டைப் பண்ணேன். இது நானே எழுதறது. இதுலயும் அப்பிடிப் பண்ண மாட்டேங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுங்க" என்றார்.

சாயங்காலம் அவள் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். தாள்கள் என்னுடையவை என்பதால் நானே பார்த்துச் சொல்வதுதான் முறையாம். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன்.

"முதல் ஒன்பது ஆண்டுகளின் அளவுகளை எடுத்தவர் திம்மராயன். ஒவ்வொரு மாதமும் கிணறுகளுக்கு நேரில் சென்று அளந்து, அங்கேயே தாளில் எழுதினார். அந்த மூலத் தாள்கள் இந்த மையத்தில் பத்திரமாக இருந்தன. சுத்தம் செய்த கோப்பு இருப்பதால் அவை இனித் தேவையில்லை என்று தவறாக எண்ணி, ஆவணப் பணியாளர் குல்ஷன் ஆகிய நான் அவற்றைக் கிழித்து எடைக்குப் போட்டுவிட்டேன். மீதித் தாள்களில் காணும் சிவப்பு முத்திரையும் நான் குத்தியது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். பேரிகை சாலைக் கிணற்றில் கோடைகால அளவுகள் விடுபட்டிருப்பதால் அங்கே அளக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அளந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாக அவர் சொல்கிறார். இது நினைவிலிருந்து சொன்னது, அளவு அல்ல."

ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று பார்த்தேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தூசி என்று சொன்னேன். அவள் துடைத்து வைத்த ரூமில் ஏது தூசி? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கமிட்டியில் நிறையக் கேள்வி கேட்டார்களாம். தன் தவறைத் தானே எழுதிக்கொடுக்கிறவரை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டாராம். வேறு எப்படிப்பட்டவரை நம்புவீர்கள் என்று மேடம் திருப்பிக் கேட்டாராம். நிரந்தரம் கிடைக்கவில்லை. இன்னொரு வருஷம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கு இலியாஸ் என்னிடம் கமிட்டியைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

குல்ஷன் மறுநாளும் நேரத்துக்கு வந்து பைப்புகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை.

காப்பகத்தில் தரவு ஏறிய பிறகு அந்தப் பக்கத்தை என் போனில் திறந்து கொடுத்தாள். வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டி முனிலட்சுமிக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷமும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவதாகவே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"யாரு, உன் பேப்பரை எல்லாம் கிழிச்சாளே, அந்தப் பொண்ணா எழுதனது?" என்று கேட்டாள்.

"அவளேதான்."

"நீ மாசாமாசம் நேரா போயி அளந்தேன்னு எழுதியிருக்குது?"

"ஆமா."

"அதை இன்னொரு வாட்டி படி" என்றாள் முனிலட்சுமி. படித்தேன். நான் அளந்த கிணறுகளில் பாதிக்கு மேல் இப்போது இல்லை, எழுதிய தாள்களும் இல்லை. நான் நேரில் போய்த்தான் அளந்தேன் என்று முதன்முதலாக எழுதி வைத்தவள், அந்தத் தாள்களைக் கிழித்த குல்ஷன்தான்.